மரத்தின் பெயர்

சோலோதுர்ன் நாடக அரங்கில்
என் இடம் கதவுக்கு வெளியே.
முந்நூறு கொழுக்கி, முந்நூறு பித்தளை இலக்கம்.
நாடகம் எப்படி என்று
நான் யாரையும் கேட்பதில்லை.
கோட்டுக்குள் ஒரு கை நுழைவதற்குள்
அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

நவம்பர் முழுக்க நத்தைதான்.
அந்தத் தபால்கார நத்தையை வாசிக்காமல்
இந்த ஊரில் யாருக்கும் பால்பல் விழுந்ததில்லை.
முதுகில் ஒற்றைக் கடிதம்.
வேலி, வாய்க்கால், கல்லறைச் சுவர் என்று
முப்பது பக்கம் ஊர்ந்து
முப்பத்தோராம் பக்கத்தில் உறையைப் பிரிக்கும்.
அந்தப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.
வெள்ளை.
வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கிறுக்கி வைத்திருக்கும் வெள்ளை.

இயக்குநர் அதை இருட்டாக்கினாள்.
ஒரு நிமிடம். இசைகூட இல்லை.
முதல் நாள், மின்சாரம் போனதென்று
யாரோ கைபேசி விளக்கைப் போட
"அணை!" என்று அத்தனை குழந்தைகளும் கத்தியது
இரட்டைக் கதவு தாண்டி
கொழுக்கிகளை ஆட்டியது.

212, கறுப்புக் கம்பளி, ஏஷ்லிமான் ஐயா:
"நத்தைக்குச் சக்கரச் சப்பாத்தா?
மெல்லப் போவதுதானே கதையே!"
சொல்லிவிட்டு எல்லோருக்கும் முன்னால்
விறுவிறென்று படியிறங்கிப் போனார்.
87, பள்ளிக்கூட ஆசிரியை:
கல்லறைச் சுவரை வெட்டியது கோழைத்தனமாம்.
40, 41, இரட்டையர்:
நத்தைக்கு வியர்த்தது, நத்தைக்கு வியர்க்காது,
ஆகவே அது நத்தை இல்லை.
ஒரு பெண் இலக்கத்தைக் கொடுத்தாள்,
கோட்டை வாங்கினாள், மாட்டவில்லை,
குளிர்கால வாசலில் அதைக் குழந்தைபோலத் தூக்கிக்கொண்டு
ஒரு வார்த்தை சொல்லாமல் போனாள்.
தட்டில் ஐந்து பிராங்க்.

ஞாயிறு ஊழியருக்கு இலவசச் சீட்டு.
மகளை அனுப்பினேன்.

எங்கள் வீட்டுப் பிரதி
ஆற்றங்கரைப் பழஞ்சந்தையில் இரண்டு பிராங்குக்கு எடுத்தது.
கடைசிப் பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளை
நீலக் குமிழ்முனைப் பேனாவால் ஒரு மரம் வரைந்து
கீழே RETO என்று எழுதியிருந்தது,
R மட்டும் பின்புறம் திரும்பி.
வாங்கும்போது பார்க்கவில்லை.
முதல் இரவு பார்த்ததும் வாயில் வந்ததைச் சொன்னேன்:
கடிதம் எழுதினது இந்த மரம்தான்.
"வந்து சேர்ந்திட்டாய், நிழலிலே படு"
என்று எழுதியிருக்கு.
மூன்று வருஷமாய் நித்துசா
அந்த வரி கேட்டுத்தான் கண் மூடுவாள்.
சொல்லியிருக்கலாம்.
எந்த இரவு சொல்வது?

கதவு திறந்தது.
கோட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.
அழவில்லை. கோபம்.
மேசையில் இரண்டு உள்ளங்கையும் ஊன்றி
அரங்கமே கேட்கத் தமிழில் கத்தினாள்:
"அம்மா, மரத்தை விட்டுட்டினம்!
ரேத்தோ வரவே இல்லை!
இருட்டுக்குள்ள பாத்துக்கொண்டே இருந்தனான்,
ரேத்தோ வரேல்லை!"

வரிசையில் மூன்று ஆண்கள் திரும்பினார்கள்.
இந்த நாட்டில் ஐம்பது வயதில்
அந்தப் பெயருக்குப் பஞ்சமில்லை.
இருவர் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள்.
மூன்றாமவர் குனிந்து, அவர்கள் மொழியில்:
"நான் ரேத்தோதான். வந்திருக்கிறேனே."

அவள் அவரைப் பார்த்தாள்.
சப்பாத்து, முழங்கால், கழுத்துத்துண்டு,
தலையில் மிஞ்சிய கொஞ்ச மயிர்.
"நீங்கள் மரமில்லை" என்றாள்,
அவர்கள் மொழியிலேயே, மரியாதையாக.

"இல்லைத்தான்" என்றார் அவர்.
உண்மையிலேயே மன்னிப்புக் கேட்பதுபோல
இலக்கத்தை என் பக்கம் தள்ளினார். 163.

கேட்டிருக்கலாம்.
சின்ன வயதில் நீலப் பேனா வைத்திருந்தீர்களா,
R எந்தப் பக்கம் திரும்பும் என்று.
பின்னால் இன்னும் நாற்பது பேர்.

கொழுக்கி வரிசைக்குள் போனேன்.
நீலமாக இருக்குமோ என்று ஒரு கணம்.
சாம்பல்.
காதுக்கொழுவி அறுந்து
ஊசி குத்தி மாட்டியிருந்தது.